வராந்தாவில் நிற்கும் சாட்சி

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கு வரும் யாத்ரிகர்கள், வானளாவிய கோபுரத்தையும், ஓங்கி நிற்கும் அனுமாரையும், தட்டினால் நாதம் எழுப்பும் கற்றூண்களையும் கண்டு களித்துத் திரும்புகிறார்கள். அந்த ஆலயம் ஒரு காலத்தில் நியாயஸ்தலமாகவும் இருந்தது என்பதை அறிந்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட மலையாள நாட்டு நம்பூதிரிமார்களை இங்கே அழைத்து வந்து, கொதிக்கும் நெய்க்குள் கையை முக்கி, அதனுள் இடப்பட்ட சிறு விக்கிரகத்தை எடுக்கச் செய்வார்கள். பிறகு அந்தக் கையைத் துணியால் கட்டி, மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இல்லையென்றால் அவன் நிரபராதி. புண் கண்டால் குற்றவாளி. ‘கைமுக்கு’ என்று வழங்கிய இந்தக் கொடிய சத்தியப் பிரமாணம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவாதித் திருநாள் மகாராஜா ஆட்சிக் காலத்தில் ஒழிந்தது. வக்கீலும் குறுக்கு விசாரணையும் அப்பீலும் இல்லாத அந்த விசாரணையில் வாய்தாவும் இல்லை. மூன்றே நாளில் வழக்கு முடிந்துவிடும்.

அந்த வேகம் மீண்டும் வர வேண்டுமென்று இன்று எவரும் விரும்ப மாட்டார்கள். ஆயினும், அதே சுசீந்திரத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் நடக்கும் ஓர் அடிதடி வழக்கோ கொலை வழக்கோ, ஐந்து வருஷம், எட்டு வருஷம், சில சமயங்களில் அதற்கும் மேல் நீண்டுகொண்டே போவதைப் பார்க்கும்போது, அந்த மூன்று நாளுக்கும் இந்தப் பல வருஷங்களுக்கும் இடையே என்னதான் நடக்கிறது என்று ஒரு சாமானியன் கேட்பது நியாயமே. அந்த இடைவெளியில் ஒரு பகுதி, கொதிக்கும் நெய்யிலிருந்து மனிதனைக் காப்பதற்காக நாம் அரும்பாடுபட்டுப் பெற்ற பாதுகாப்பு. மற்றொரு பகுதி, எவருக்கும் எந்தப் பிரயோஜனமும் அளிக்காத வெறும் காத்திருப்பு. இரண்டுக்கும் வாய்தா என்ற ஒரே பெயர் வழங்கி வருவதால், முன்னதைச் சொல்லிப் பின்னதை நியாயப்படுத்துவது எளிதாகிவிடுகிறது.

வாய்தா என்ற சொல் அரபு மொழியில் தோன்றி உருது வழியாக நம் கச்சேரிகளுக்குள் வந்தது. அதன் மூலப் பொருள் வாக்குறுதி என்பது. இன்ன தேதியில் உன் வழக்கைக் கேட்பேன் என்று நியாயஸ்தலம் கொடுக்கும் வாக்கு அது. ஆனால் நாஞ்சில் நாட்டுக் கிராமத்து டீக்கடையில், “கேசு என்னாச்சு அண்ணாச்சி?” என்று கேட்டால், “வாய்தா போட்டாச்சு” என்று சலிப்புடன் வரும் பதிலில் வாக்குறுதியின் சாயல் சிறிதும் இல்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இருமுறை நெல் விளையும் பூமி இது. தாழக்குடி வயலில் வரப்புத் தகராறில் வெட்டுப்பட்ட ஒருவன் வழக்கு முடிவதற்குள், அதே வயலில் எத்தனை பூ அறுத்துக் களத்துக்குப் போகிறது என்று எண்ணினால், காலதாமதத்தின் அளவு தேதிகளைவிடத் தெளிவாகப் புலப்படும்.

நீதிமன்றங்கள் இந்த மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. 1811-இல் திருவிதாங்கூரின் திவானாகப் பொறுப்பேற்ற கர்னல் மன்றோ அந்த ராஜ்யத்தில் ஜில்லா கோர்ட்டுகளை ஏற்படுத்தியபோது, அவற்றுள் ஒன்று பத்மநாபபுரத்தில் அமைந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்த பிறகு மேல்முறையீட்டுக்குச் சென்னைக்கு ஓடவேண்டியிருந்த சிரமம், 2004 ஜூலை 24-இல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை தொடங்கியபோது பெருமளவு குறைந்தது. இன்று நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை என்று நியாயஸ்தலங்கள் பரவலாக இருக்கின்றன; மார்த்தாண்டத்துக்காரர் ஒரு குற்ற வழக்குக்காக வெகுதூரம் பிரயாணம் செய்ய வேண்டியதில்லை. தூரம் சுருங்கிவிட்டது, காலந்தான் சுருங்கவில்லை.

ஒரு வழக்கு செல்லும் பாதையைச் சற்றே கூர்ந்து பார்க்க வேண்டும். போலீஸார் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்கிறார்கள். புலன் விசாரணை முடித்துக் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்கிறார்கள். அதில் ஒரு காகிதம் குறைந்திருந்தால் நீதிமன்ற அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பும். சரிசெய்து மறுபடி வருவதற்குள் மாதங்கள் கழியும். கோப்பில் எடுத்த பிறகு எதிரிகளுக்குச் சம்மன் போகும். நமது கீழ்க் கோர்ட்டுகளில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றே எழுதுவது மரபு. எல்லா எதிரிகளும் வந்து சேர்ந்த பின்பே அவர்களுக்கு ஆவண நகல்கள் கொடுக்க முடியும். கொலை போன்ற பெருங்குற்றமானால், மாஜிஸ்திரேட்டு அவ்வழக்கைச் செஷன்ஸ் கோர்ட்டுக்கு ஒப்படைக்க வேண்டும். அதற்கு ‘கமிட்டல்’ என்று பெயர். அங்கே மறுபடி சம்மன், மறுபடி ஆஜர், அதன் பிறகு குற்றச்சாட்டு வனைதல். இவ்வளவும் ஆன பிறகுதான் முதல் சாட்சி கூண்டில் ஏறுகிறார். ஆறு எதிரிகள் உள்ள வழக்கில் ஐந்து பேர் வந்து, ஆறாமவர் துபாய்க்குப் போய்விட்டால், மேற்சொன்ன படிகளில் ஏதேனும் ஒன்றில் வழக்கு அசையாமல் நின்றுவிடும். அவருக்குப் பிடியாணை பிறப்பித்து, அதைப் போலீஸார் நிறைவேற்ற முடியாது போய், கடைசியில் அவருடைய வழக்கை மட்டும் தனியே பிரித்து வைத்து மற்றவர்கள்மீது விசாரணை நடத்தலாம் என்று முடிவெடுப்பதற்குள், ஒன்றிரண்டு வருஷம் போவது அபூர்வமல்ல. வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாட்டில் ஜீவனம் நடத்தும் கிராமங்கள் நிறைந்த இம்மாவட்டத்தில் இது அடிக்கடி நேர்வதில் வியப்பில்லை.

இனி சாட்சியிடம் வருவோம். அருமனைப் பக்கத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழில் செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடி, வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்தால்தான் பால் நன்றாக வடியும். அன்று வெட்டாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஒரு மாலையில் சந்தையிலிருந்து வரும் வழியில், இருவர் ஒருவரை வெட்டுவதைப் பார்த்துவிட்டார் என்பது தவிர அவருக்கும் அந்த வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சம்மன் வருகிறது. ஒருநாள் கூலியை விட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, காலை பத்து மணிக்கே நீதிமன்ற வராந்தாவில் வந்து நிற்கிறார். உட்கார இடமில்லை. அவர் யாருக்கு எதிராகச் சொல்ல வந்தாரோ, அந்த மனிதர்கள் நாலடி தூரத்தில் அதே வராந்தாவில் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். டவாலி பெயர் கூப்பிடும்போது உள்ளே ஓடிப்போய்க் கைகட்டி நிற்கிறார். எதிரிகள் தரப்பு வக்கீல் வேறொரு கோர்ட்டில் இருக்கிறார் என்று ஓர் இளம் வக்கீல் எழுந்து சொல்கிறார். அடுத்த மாதம் இன்ன தேதிக்கு என்று பெஞ்சு கிளார்க் குறித்துக்கொள்கிறார். அந்தத் தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறுகிறார். இப்படி மூன்று முறை வந்தவர் நாலாவது முறை வராவிட்டால் அவருக்குப் பிடியாணை போகும். சாட்சிக்குப் படி கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கத்தான் செய்கிறது. கேட்டு வாங்கும் துணிவுள்ள சாட்சிகளே அபூர்வம்.

மீனவர் சாட்சியாக இருந்தால் சிரமம் வேறு மாதிரி. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் ஒரு முறை கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. கரைக்கு வந்த நாளில் வாய்தா இருக்காது. வாய்தா உள்ள நாளில் அவர்கள் லட்சத்தீவுக் கடலில் இருப்பார்கள்.

மறதியும் சேர்ந்துகொள்கிறது. சம்பவம் நடந்து எட்டு வருஷம் கழித்து, எதிரி எந்தக் கையில் வெட்டரிவாள் வைத்திருந்தான், நீர் எத்தனை அடி தூரத்தில் நின்றீர், தெருவிளக்கு உமக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால், நேர்மையான மனிதனே தடுமாறுவான்; பொய்ச் சாட்சிதான் மனப்பாடம் செய்ததைத் தடுமாறாமல் ஒப்பிப்பான். தடுமாற்றங்கள் சேர்ந்து சந்தேகமாகி, சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போய்ச் சேரும். அதற்குள் ஊரிலும் உறவுகள் மாறிவிடுகின்றன. ஒரே கோயில் கொடை, ஒரே சர்ச்சுத் திருவிழா, ஒரே தெரு; எதிரி வீட்டில் ஒரு கல்யாணம், சாட்சி வீட்டில் ஒரு மரணம்; பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கிவிடுகிறது. “பழைய கதை எதுக்குடே, விட்டிரு” என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால், மறுநாள் கூண்டில் நின்று, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சாட்சி சொல்வதைக் கேட்டு அரசு வக்கீல் திகைக்க வேண்டியதில்லை. பிறழ்சாட்சி என்று அவர் பெயர் ஏட்டில் ஏறுகிறது. அவர் பிறழ்ந்தது அந்த நாளில் அல்ல. வராந்தாவில் நின்று திரும்பிய ஒவ்வொரு நாளிலும் சிறிது சிறிதாகப் பிறழ்ந்தார் என்பதே என் அபிப்பிராயம். சாட்சி களைத்துப்போய் ஒதுங்கும்வரை வழக்கை ஒத்திப்போடுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டதென்று 2000-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மனம் நொந்து எழுதியது.

காரணங்கள் எவை என்று கேட்டால், ஒன்றன்று. எதிரி வரவில்லை என்பது மிகச் சாதாரணமான காரணம். உடம்புக்குச் சரியில்லை, இன்றைக்கு மட்டும் வருகையை மன்னிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவில் தாக்கலாகும் மனு கோர்ட்டு வட்டாரத்தில் எண்ணாலேயே வழங்கும். குமாஸ்தாக்களின் பைகளில் அச்சடித்த படிவமாகவே அது இருக்கும். எதிரி சிறையில் இருந்தாலோ, பாளையங்கோட்டை மத்திய சிறையிலிருந்து அழைத்துவர ஆயுதப்படைக் காவலர் வேண்டும். மந்திரி வருகைக்கோ திருவிழா பந்தோபஸ்துக்கோ அவர்கள் போய்விட்டால் எதிரி வரமாட்டார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஆசாரிபள்ளத்திலிருந்து வேறு ஜில்லாவுக்கு மாற்றலாகிப் போயிருப்பார். வழக்கைப் புலனாய்வு செய்த இன்ஸ்பெக்டர் பதவி உயர்வு பெற்று எங்கோ இருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். இரத்தம் தோய்ந்த துணியைப் பற்றிய இரசாயன அறிக்கை திருநெல்வேலி ஆய்வகத்திலிருந்து வந்திருக்காது. ஓர் உத்தரவை எதிர்த்து மதுரைக் கிளையில் தடை வாங்கியிருப்பார்கள். தடை ஆறு மாதத்தில் தானாகவே காலாவதியாகும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் விதித்ததைக்கூட, 2024 பிப்ரவரி 29-இல் அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சரியன்று என்று நீக்கிவிட்டது. வக்கீல்கள் நீதிமன்றப் புறக்கணிப்பில் இருந்தால் அன்றைய பட்டியல் முழுவதும் ஒத்திப்போகும். வேலைநிறுத்தம் செய்ய வக்கீல்களுக்கு உரிமையில்லை என்று 2002-இல் ஹரீஷ் உப்பல் வழக்கில் தீர்ப்பான பிறகும் தமிழ்நாட்டில் அந்தப் பழக்கம் விடவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது எண்ணிக்கை. பத்து லட்சம் மக்களுக்கு ஐம்பது நீதிபதிகள் வேண்டுமென்று சட்ட ஆணையம் 1987-இல் சொல்லியது. இன்றுங்கூட அனுமதிக்கப்பட்ட இடங்கள் இருபத்தொன்றைச் சுற்றியே நிற்கின்றன. அவற்றிலும் காலியிடங்கள் உண்டு. நாட்டின் மாவட்ட, கீழமை நீதிமன்றங்களில் நிலுவையிலுள்ள வழக்குகள் 4 கோடிக்கு மேல். அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு குற்றவியல் வழக்குகள். திரும்பி வந்த காசோலைக்காகத் தொடுக்கும் வழக்குகள், கடன் வசூலிக்கும் காரியத்தையே மாஜிஸ்திரேட்டுகளின் தலையில் கட்டிவிட்டன. அந்தக் கும்பலுக்குள் கத்திக்குத்து வழக்கும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

இத்தனைக்கும், சட்டம் வாய்தாவுக்கு எதிராகவே பேசுகிறது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, சாட்சி விசாரணை ஒருமுறை தொடங்கிவிட்டால் வந்திருக்கும் சாட்சிகளையெல்லாம் விசாரித்து முடிக்கும்வரை நாள்தோறும் நடத்த வேண்டும் என்றது. தன் வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது வாய்தாவுக்குக் காரணமாகாது என்று 2008-இல் திருத்தம் செய்து ஸ்பஷ்டமாகவே எழுதினார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 346-ஆம் பிரிவு, கட்சிக்காரரின் சக்திக்கு மீறிய சந்தர்ப்பங்களிலுங்கூட இரண்டு வாய்தாவுக்கு மேல் கூடாது என்கிறது. குற்றச்சாட்டை அறுபது நாளில் வனைய வேண்டும், வாதம் முடிந்து நாற்பத்தைந்து நாளுக்குள் தீர்ப்பு வர வேண்டும் என்றெல்லாம் அதில் கெடுக்கள் உண்டு. சட்டத்தின் எழுத்தில் குறை காண இடமில்லை.

அப்படியிருந்தும் வாய்தா ஏன் ஓயவில்லை? நான் இதைப் பற்றி யோசித்த அளவில், மிக எளிய விடை ஒன்று தோன்றுகிறது. ஒரு வழக்கு ஒத்திப்போவது, அந்த அறைக்குள் இருக்கும் அநேகமாக எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கிறது. ஜாமீனில் இருக்கும் எதிரிக்குத் தீர்ப்பு தள்ளிப்போவது லாபம். ஒரே காலையில் மூன்று கோர்ட்டில் வழக்கு வைத்திருக்கும் வக்கீலுக்கு அது அவசியம். தயாராகாத அரசு வக்கீலுக்கு அது மூச்சுவிடும் அவகாசம். பட்டியலில் அறுபது, எழுபது வழக்குகளை வைத்துக்கொண்டு, ஒரு நாளில் நாலைந்து சாட்சிகளுக்கு மேல் கேட்க முடியாத நீதிபதிக்கு, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு கேட்கும் வாய்தாவை மறுத்து, பிறகு மேல்கோர்ட்டில், எதிரிக்குப் போதிய சந்தர்ப்பம் அளிக்கப்படவில்லை என்று தம் தீர்ப்பு ரத்தாவதைக் காண்பதைவிட, இன்னொரு தேதி கொடுப்பது பத்திரமான வழி. இந்த ஏற்பாட்டில் சம்மதம் கேட்கப்படாதவர்கள் இருவர்: வெட்டுப்பட்டவரின் குடும்பம், வராந்தாவில் நிற்கும் சாட்சி. அவர்களுக்காகப் பேச அங்கே வக்காலத்துப் போட்டவர் யாருமில்லை.

வாய்தாவின் மிகக் கொடிய வடிவம் எதுவென்றால், சாட்சியின் முதல் விசாரணையை ஒரு நாள் பதிவுசெய்து, குறுக்கு விசாரணையை மற்றொரு நாளுக்குத் தள்ளுவதுதான். பஞ்சாபில் ஒரு லஞ்ச வழக்கில், 1999 செப்டம்பரில் முதல் விசாரணையில் குற்றத்தை உறுதிப்படுத்திய சாட்சியை, இருபது மாதம் கழித்து 2001 மே மாதத்தில் குறுக்கு விசாரணை செய்தபோது, அவர் முழுவதுமாக மாற்றிப் பேசினார். வினோத் குமார் வழக்கு என்று பெயர்பெற்ற அதில் 2015-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கூடியவரை அதே நாளில் குறுக்கு விசாரணை முடிய வேண்டும் என்று நாட்டின் எல்லாக் கீழ்க் கோர்ட்டுகளுக்கும் அறிவுறுத்தியது. அந்த இருபது மாதத்தில் சாட்சியைச் சந்திக்க யார் யார் வந்திருப்பார்கள் என்பதை எந்த ஏடும் சொல்லாது.

இங்கிலாந்தில் ஜூரிமார் பன்னிருவரைத் தொழிலிலிருந்து பிடித்து உட்கார்த்தி வைத்திருப்பதால், விசாரணையைத் தொடங்கிவிட்டு ஆறு மாதத்துக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது. அங்கும் இப்போது வழக்குகள் மலைபோலத் தேங்கியிருக்கின்றன. ஆனால் அந்தத் தேக்கம் விசாரணைக்கு முன்னே நிற்கிறது. விசாரணையின் நடுவே புகுந்து சாட்சியைத் தின்பதில்லை. ஜூரி முறையைக் கைவிட்ட நாம், அதோடு கூடவே வந்த இந்தத் தொடர்ச்சியையும் கைவிட்டுவிட்டோம்.

எல்லா வாய்தாவையும் ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. தமிழன் கண்ணீர் விட்டுப் படிக்கும் மிகப் பெரிய அநீதி, தாமதத்தால் விளைந்ததல்ல. பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டவுடன் பாண்டியன் பிறப்பித்த ஆணையால் விளைந்தது. கோவலனுக்கு ஒரு வக்கீலும் ஒரே ஒரு வாய்தாவும் கிடைத்திருந்தால், மற்றொரு சிலம்பை வரவழைத்துப் பார்த்திருப்பார்கள். ஏழை எதிரிக்கு அரசு செலவில் வக்கீல் அமர்த்தவும், நகல்களைப் படித்துப் பார்க்கவும், தன் தரப்புச் சாட்சியைத் தேடவும் கொடுக்கும் அவகாசம் புனிதமானது. ஆனால் அந்த ஏழையே சிறையில் இருந்தால், மற்ற எல்லா வாய்தாக்களும் அவன் முதுகில் விழும் அடி என்பதையும் மறக்கக் கூடாது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணையை எதிர்நோக்கியிருந்தவர்கள். விரைந்த விசாரணை உயிர்வாழும் உரிமையின் ஓர் அங்கம் என்று ஹுஸ்ஸைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979-இலேயே நிலைநாட்டியது. பீகார்ச் சிறைகளில், தங்கள் குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்ச தண்டனையைவிட அதிக காலம் விசாரணையின்றியே கிடந்தவர்களைப் பற்றிய வழக்கு அது. வசதியுள்ளவனுக்கு வாய்தா கேடயம்; வசதியற்றவனுக்கு அதுவே தண்டனை.

விரைவு நம்மால் இயலாத காரியமல்ல என்பதற்கு நம் எல்லையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2022 அக்டோபரில், பாறசாலைப் பக்கத்து மாணவர் ஒருவருக்கு அவருடைய காதலி, தமிழக எல்லைக்குள் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள தம் வீட்டில் வைத்துக் கஷாயத்தில் களைக்கொல்லி கலந்து கொடுத்தார். மாணவர் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார். 1956-இல் வரைந்த எல்லைக்கோடு வழக்கின் குறுக்கே விழுந்தது. நஞ்சு கொடுத்த இடம் தமிழ்நாடு, இறந்த இடம் கேரளம். விசாரிக்க வேண்டியது எந்தக் கோர்ட்டு? செயல் நடந்த இடமாயினும் விளைவு நேர்ந்த இடமாயினும் இரண்டில் ஒன்றில் விசாரிக்கலாம் என்பது சட்டம். வழக்கைக் குமரி மாவட்டத்துக்கு மாற்றவேண்டும் என்று உச்ச நீதிமன்றம்வரை எதிரி தரப்பு போயிற்று. அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 2023 ஜனவரியிலேயே குற்றப் பத்திரிகை தாக்கலாகிவிட்டபோதிலும், 2024 அக்டோபரில்தான் நெய்யாற்றின்கரை செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சி விசாரணை தொடங்கியது. ஆனால் தொடங்கிய பிறகு தொண்ணூற்றைந்து சாட்சிகளை விசாரித்து மூன்று மாதத்துக்குள் முடித்துவிட்டார்கள். 2025 ஜனவரி 17-இல் குற்றவாளி என்ற தீர்ப்பும், 20-ஆம் தேதி தண்டனையும் வந்தன. விதிக்கப்பட்ட மரண தண்டனையைப் பற்றி அபிப்பிராய பேதம் கொள்வோர் உண்டு. நான் அதைப் பற்றிப் பேச வரவில்லை. நான் கவனிக்கச் சொல்வது கணக்கை மட்டுமே. காத்திருந்தது இருபத்தொரு மாதம். விசாரித்தது மூன்று மாதம். தொண்ணூற்றைந்து சாட்சிகளை அடுத்தடுத்துக் கேட்க முடிகிற நாட்டில், ஒன்பது சாட்சிகள் உள்ள அடிதடி வழக்கு ஒன்பது வருஷம் நடக்கிறதென்றால், அந்தக் காலம் விசாரணையில் செலவாகவில்லை. இரண்டு விசாரணை நாட்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் செலவாகிறது.

சிறு சிறு மருந்துகள் இல்லாமலில்லை. நெடுந்தூரத்திலுள்ள சாட்சியைக் காணொளி மூலம் விசாரிக்கலாம் என்று 2003-லேயே பிரபுல் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது; மாற்றலாகிப் போன டாக்டரையும் இன்ஸ்பெக்டரையும் ஒரு தாளில் கையெழுத்துக்காக முந்நூறு மைல் அழைத்துவர வேண்டியதில்லை. 2018-இல் அங்கீகரிக்கப்பட்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், முதலில் செய்ய வேண்டியது மிகச் சாதாரணமானது: ஒரு நாளில் கேட்கக்கூடிய அளவுக்கு மட்டும் சாட்சிகளை அழைக்க வேண்டும், அழைத்தவரைக் கேட்காமல் அனுப்பக் கூடாது, அனுப்ப நேர்ந்தால் அன்றைய கூலியை, வாய்தா கேட்டவரிடமிருந்து வாங்கி அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். செலவுத் தொகை விதிக்கும் அதிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது.

இம்மாவட்டத்துக்கு மிகவும் நெருக்கமான ஒரு வழக்கைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 2012 பிப்ரவரி 15-ஆம் தேதி மாலை, கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ இருபது கடல் மைல் தூரத்தில், ‘செயிண்ட் ஆண்டனி’ என்ற மீன்பிடிப் படகின்மீது, ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலிருந்த கடற்படை வீரர்கள் சுட்டார்கள். மீனவர் இருவர் மாண்டனர். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் குமரி மாவட்டத்து இளைஞர். நாலே நாளில் வீரர் இருவர் கைதானார்கள். கொலை வழக்கு என்ற முறையில் சாட்சியத்துக்குப் பஞ்சமில்லை: படகில் இருந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள், துப்பாக்கிகள் இருந்தன, துளைபட்ட படகு இருந்தது. ஆனால் விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. கேரள உயர் நீதிமன்றம் ஒன்று சொல்ல, 2013 ஜனவரி 18-இல் உச்ச நீதிமன்றம், கேரளத்துக்கு அதிகாரமில்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்கட்டும் என்றது. எந்தச் சட்டத்தின்கீழ் என்ற தர்க்கத்தில் மேலும் காலம் போயிற்று. 2015-இல் சர்வதேச கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் உத்தரவையொட்டி இங்கே நடவடிக்கைகள் நிறுத்தப்பட்டன. வீரர்களில் ஒருவர் 2014-லும் மற்றவர் 2016-லும் தாயகம் திரும்பினர். 2020 மே மாதம் சர்வதேச நடுவர் மன்றம், அவ்வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது, நஷ்டஈடு மட்டும் பெறலாம் என்று தீர்ப்பளித்தது. 2021 ஜூன் 15-இல், இத்தாலி செலுத்திய 10 கோடி ரூபாயில் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 4 கோடியும் படகு உரிமையாளருக்கு 2 கோடியும் என்று பகிர்ந்து, உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. அந்தப் படகில் உடனிருந்து உயிர் தப்பிய மீனவர்கள், தங்களையும் கவனிக்க வேண்டும் என்று கேட்டு, 2022-இல் ஆளுக்கு 5 லட்சம் பெற்றார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு மேல் நடந்த அந்தக் கொலை வழக்கில், சாட்சி விசாரணை ஒரு நாள்கூட நடக்கவில்லை. அந்த மாலையில் தங்கள் படகில் விழுந்த தோட்டாக்களைப் பார்த்தவர்களை, பெயர் சொல்லி அழைத்துக் கூண்டில் ஏற்றி, என்ன கண்டீர்கள் என்று கேட்க இந்த நாட்டில் ஒரு நியாயஸ்தலமும் முன்வர நேரவில்லை.